832-உம் 829-உம்: டாப் குவார்க் கணக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது?

ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னின் பெரிய ஹாட்ரான் மோதியில் 13 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் புரோட்டான்கள் மோதும்போது மிகக் கனமான அடிப்படைத் துகளான டாப் குவார்க், தன் எதிர்த்துகளோடு இணையாகப் பிறக்கும் வீதத்தை, அதாவது குறுக்குவெட்டை, குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய விசையின் கோட்பாடு 832 பைகோபார்ன் (குறுக்குவெட்டின் அலகு) என்கிறது. மோதியின் உணர்கருவிகளுள் ஒன்றான அட்லஸின் குழு அளந்தது 829. வியக்கத்தக்க பொருத்தம்தான். ஆனால் அளவீட்டின் பிழை 15 பைகோபார்ன். கோட்பாட்டின் பிழை அதைவிடப் பெரிது. பின்தங்கி நிற்பது கணக்குதான்.

அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? வலிய விசையின் பிணைப்பெண் (அதன் வலிமையைக் குறிக்கும் எண்) சுமார் 0.118. அதன் அடுக்குகளாக விரியும் தொடரை எங்காவது நிறுத்தியாக வேண்டும். டாப் இணைக்கு மூன்றாம் படிவரை முழுக் கணக்கு 2013-இல் முடிந்தது. வலிய விசையைச் சுமக்கும் துகள்களான குளுவான்களில் மென்மையானவற்றின் (ஆற்றல் குறைந்தவற்றின்) பங்கை அதன்மேல் தனியாகக் கூட்டுகிறார்கள். விட்டுப்போனதை மதிப்பிட, கணக்கில் நாமே தேர்ந்த ஆற்றல் அளவை (இங்கே டாப்பின் நிறை, 172.5 கிகா எலக்ட்ரான் வோல்ட்) இரட்டித்தும் பாதியாக்கியும் மீண்டும் கணக்கிடுவார்கள். முழுத் தொடரையும் கூட்டினால் விடை அந்தத் தேர்வைச் சார்ந்திருக்காது. ஆகவே விடை ஆடும் அளவு, மிச்சமிருப்பதன் அடையாளம்: இங்கே மேலே 20, கீழே 29. இதைப் புள்ளியியல் பிழைபோல நடத்துவது தவறு. குளுவான்கள் இணைந்து ஹிக்ஸ் பிறக்கும் கணக்கில், முதல் படிக்கு இப்படி மதிப்பிட்ட பிழைப் பட்டைக்கு வெளியேதான் இரண்டாம் படியின் விடை விழுந்தது.

இன்னொரு ±35, புரோட்டானுக்குள் குளுவான்கள் எப்படிப் பரவியுள்ளன என்ற பட்டியலிலிருந்தும் பிணைப்பெண்ணிலிருந்தும் வருகிறது. 13 டெராவில் டாப் இணைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குளுவான் மோதலில் பிறப்பவை. சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டியலைப் பொருத்தும்போது டாப் தரவையும் சேர்க்கிறார்கள். சேர்த்த தரவோடு அதே பட்டியலை ஒப்பிட்டு மகிழ்வதில் பொருளில்லை. கோட்பாட்டில் குறையோ புதிய துகளோ இருந்தால், குளுவான் பரவல் சற்றே வளைந்து அதை விழுங்கிவிடலாம்.

அளவீட்டுப் பக்கம் தந்திரம் அழகானது. ஒரு எலக்ட்ரானும் எதிர் மின்னூட்டமுள்ள ஒரு மியுவானும் வரும் நிகழ்வுகளை மட்டும் எடுத்து, பி-ஜெட் (டாப் சிதையும்போது வரும் பி-குவார்க்கிலிருந்து கிளம்பும் துகள் கொத்து) ஒன்று தெரிந்தவை, இரண்டு தெரிந்தவை எனப் பிரித்து எண்ணுகிறார்கள். இரண்டு எண்ணிக்கைகள், இரண்டு சமன்பாடுகள். குறுக்குவெட்டும் பி-ஜெட்டை அடையாளம் காணும் திறனும் சேர்ந்தே கிடைக்கின்றன. இப்படித் திறனைத் தரவிலிருந்தே பெறுவதால் சிமுலேஷனை நம்ப வேண்டிய இடம் குறைகிறது.

மொத்த எண் பொருந்தினாலும் வடிவம் பொருந்தாமல் போகலாம். டாப்பின் குறுக்கு உந்தத்தில் (புரோட்டான் கற்றைக்குச் செங்குத்தான உந்தம்), இரண்டாம் படிச் சிமுலேஷன்கள் உயர் உந்தத்தில் தரவைவிட அதிக நிகழ்வுகளைக் காட்டின. மூன்றாம் படிக் கணக்கு வந்தபின் வளைவு தரவை நோக்கி இறங்கியது. புதிய துகள் எதுவும் தேவைப்படவில்லை.