பேக்கில் நிற்பவரின் கணக்கு

புதுச்சேரி உப்பளமோ கடலூர் மஞ்சக்குப்பமோ, சாயங்காலக் கால்பந்து ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது நடப்பது ஒன்றுதான். வேகமாக ஓடுகிறவன் ஃபார்வேர்டு. பந்தைக் காலை விட்டு விலகாமல் வைத்திருப்பவன் சென்டர். மிச்சமிருப்பவன் பேக், அதாவது நம் கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவன். 'பந்து வந்தா தூக்கி அடி' என்ற ஒரு வரியோடு அவனுக்கான பயிற்சி முடிந்துவிடும். கடலூரிலிருந்து இந்திய அணி வரை போன இந்துமதி கதிரேசனும் நடுக்கள ஆட்டக்காரர்தான். உலக அளவிலும் கதை வேறில்லை. சிறந்த கால்பந்தாட்டக்காரருக்கு 1956 முதல் வழங்கப்படும் பலோன் தோர் விருதை ஆண்களில் வாங்கிய தடுப்பாட்டக்காரர்கள் மூன்றே பேர்: பெக்கன்பவர் (1972, 1976), மத்தியாஸ் சாமர் (1996), ஃபாபியோ கன்னவாரோ (2006). கன்னவாரோ தலைமையில் இத்தாலி உலகக் கோப்பையை வென்ற அந்த 2006இல், 7 ஆட்டங்களில் அந்த அணி வாங்கியவை 2 கோல்கள். ஒன்று தன் அணிக்காரரே தவறிப் போட்டது, மற்றது பெனால்டி. இத்தனைக்கும் கன்னவாரோவின் உயரம் 1.76 மீட்டர்தான்.

பேக்கின் வேலை பந்தைப் பிடுங்குவது என்ற நினைப்பில்தான் கோளாறு தொடங்குகிறது. பிடுங்குவது கடைசி ஆயுதம். அதற்கு முன்பே எதிராளியிடமிருந்து இரண்டு பொருள்களைப் பறித்தாக வேண்டும்: ஒன்று கோணம், மற்றொன்று நேரம்.

கோணத்தைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். அங்கே நின்று பார்த்தால் கோல் ஏறக்குறைய 37 பாகைக்கு விரிந்து தெரியும். கோட்டிலிருந்து அதே 11 மீட்டரில், ஆனால் நடுவிலிருந்து 15 மீட்டர் ஓரமாக ஒரு ஃபார்வேர்டைத் தள்ளிவிட்டால் அந்த விரிவு 14 பாகைக்கும் கீழே போய்விடும். பாக்ஸின் (பெனால்டி பகுதியின்) ஓரக்கோடு வரை, அதாவது 20 மீட்டர் தள்ளினால் வெறும் 9 பாகை. பந்தில் கால் வைக்காமலே கோலை நாலில் ஒரு பங்காக்கியாயிற்று. மிச்சத்தைக் கிட்டக் கம்பத்தை ஒட்டி நிற்கும் கோலி (கோல் காப்பவர்) பார்த்துக்கொள்வார். அந்த ஷாட் வெளியே போனால் கூட்டம் ஃபார்வேர்டைத் திட்டும். பேக்கை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தள்ளுவதற்குக் கையோ தோளோ தேவையில்லை, நிற்கும் இடம் போதும். பந்தையும் கோலின் நடுவையும் இணைக்கும் கற்பனைக் கோட்டில் நில்லுங்கள். பிறகு அரை உடம்பு அளவுக்கு உள்பக்கம் நகருங்கள். உள்வழி அடைபடும், வெளிவழி திறக்கும். கொடுத்த வழியில்தான் பெரும்பாலான ஃபார்வேர்டுகள் போவார்கள். போகப் போக மைதானத்தின் ஓரக்கோடு நெருங்கி வந்து அதுவே இரண்டாவது பேக்காக நிற்கும். இதற்கு விதிவிலக்கு உண்டு. எதிரணியின் விங்கர் (ஓரத்தில் ஓடும் ஃபார்வேர்டு) அருமையாகக் கிராஸ் போடுபவராகவும், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னே பந்தைத் தூக்கிப் போடுபவராகவும், உள்ளே உயரமான இரண்டு பேர் காத்திருப்பவர்களாகவும் இருந்தால் வெளியே விடுவது தற்கொலை. அப்போது உள்ளே திருப்பிவிட வேண்டும், ஆனால் அங்கே நம் நடுக்களத்து ஆள் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். இதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைக்காத அணியில் பேக் ஒரு பக்கம் அடைப்பார், நடுக்களம் வேறு பக்கம் ஓடும்.

அடுத்தது நெருங்கும் விதம். நம்மூர் ஆட்டங்களில் அதிகம் சொதப்புவது இங்கேதான். பந்து காற்றிலோ தரையிலோ எதிராளியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் நேரம் முழுக்கப் பேக்குக்கு இலவசம். அப்போது முழு வேகத்தில் ஓடலாம். பந்து அவர் காலைத் தொடுவதற்குள் வேகம் அடங்கியிருக்க வேண்டும். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுபவர், ஒவ்வொரு நொடியும் 5 மீட்டர் என்ற அளவில் வேகத்தைக் குறைத்தால், நிற்பதற்கு 3.6 மீட்டர் வேண்டும். கடைசி 4 மீட்டரில் நீள அடிகளைச் சின்னச் சின்ன அடிகளாக உடைக்கச் சொல்வது இதனால்தான். இறுகிய தரைமேல் மணல் படிந்த மைதானத்தில் பிடிப்பு குறையும். அதே ஆளுக்கு 5 மீட்டருக்கு மேலும் தேவைப்படும். புல்தரையில் பழகியவர் மணல் தரையில் வந்து எதிராளியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போவது திறமைக் குறைவால் அல்ல, பிரேக்கை எங்கே போடுவது என்ற கணக்கு மாறியதால்.

நின்றபின் இடைவெளி எவ்வளவு? ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். ஏதோ ஒன்று அசைந்ததைக் கண்டு உடல் அசையவே 0.2 நொடி பிடிக்கும். இடமா வலமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தால் 0.3 நொடியைத் தாண்டும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருபவர் அந்த 0.3 நொடியில் ஒன்றரை மீட்டர் கடந்துவிடுவார். அதைவிட ஒட்டி நின்றால், மூளை உத்தரவு போடும்போது அவர் முதுகுதான் தெரியும். ரொம்பத் தள்ளி நின்றாலும் தலையை நிமிர்த்தி ஷாட்டோ பாஸோ தேர்ந்தெடுக்க அவருக்கு நேரம் கிடைத்துவிடும்.

பாதங்கள் ஒரே வரிசையில் இருக்கவே கூடாது. இருந்தால் கால்களுக்கு நடுவே பந்து போகும். எந்தப் பக்கம் திரும்புவதற்கும் கூடுதல் அடி ஒன்று தேவைப்படும். ஒரு கால் முன்னால், முழங்கால் மடிந்து, எடை குதிகாலில் இல்லாமல் முன்பாதத்தில், உடம்பு பாதி திரும்பிய நிலையில், எந்தப் பக்கம் அவரை அனுப்ப நினைக்கிறோமோ அந்தப் பக்கம் நெஞ்சு பார்த்திருக்க வேண்டும். இப்படி நிற்பதில் ஒரு விலை உண்டு. முதுகுப் பக்கமாக அவர் வெட்டினால் திரும்ப அதிக நேரமாகும். அதனால்தான் முதுகுப் பக்கத்துக்குக் காவலாகப் பின்னால் ஐந்தாறு மீட்டரில் இன்னொரு பேக் சாய்வாக நிற்கிறார், வாயாலும் வழி சொல்கிறார்: 'வெளியே விடு', 'பொறு', 'நான் இருக்கேன்'.

கண் எங்கே? பந்திலும் இடுப்பிலும். தலை பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், பந்துக்கு மேல் வட்டமடிக்கும் கால் பொய் சொல்வதற்கென்றே இருக்கிறது. ஆனால் திசை மாற வேண்டுமென்றால் உடலின் எடைமையம் நகர்ந்தாக வேண்டும். அது இடுப்புப் பகுதியில் இருக்கிறது, அதை வைத்து ஏமாற்றுவது கடினம். கபடியில் நல்ல பிடிகாரர் ரெய்டரின் கையாட்டத்துக்கு மயங்காமல், எடை ஒரு காலில் இறங்கும் நொடிக்காகக் காத்திருப்பாரே, அதே கலைதான். கண் அசைவைப் பதிவு செய்த ஆய்வுகளிலும், ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும்போது அனுபவசாலிகளின் பார்வை இடுப்பில் கூடுதல் நேரம் தங்குவது தெரியவந்தது.

கால் வைக்க நல்ல தருணங்கள் சிலதான்: முதல் தொடுதலில் பந்து தெறித்து விலகும்போது, வேகமாக ஓடுகையில் பந்து அவர் காலைவிட்டு ஒரு மீட்டருக்கு மேல் முன்னேறியிருக்கும்போது, அவர் கோலுக்கு முதுகு காட்டித் திரும்ப முயலும்போது. மற்ற நேரத்தில் பின்வாங்கிக்கொண்டே இருப்பதுதான் ஆட்டம். பார்க்க இது கோழைத்தனமாகத் தெரியும், ஓரத்தில் நிற்பவர்கள் 'போடா, போய் எடு' என்று கத்துவார்கள். கேட்கக் கூடாது. 3 நொடி இழுத்தடித்தால், நொடிக்கு 6 மீட்டரில் ஓடிவரும் சக ஆட்டக்காரர் 18 மீட்டர் நெருங்கிவிடுவார். ஒருவருக்கு ஒருவர் என்றிருந்தது இருவருக்கு ஒருவராகிவிடும். சறுக்கி விழுந்து போடும் டேக்கிள் படத்தில் அழகு. தவறினால் எழுந்து நிற்பதற்குள் அணி பத்துப் பேராக ஆடிக்கொண்டிருக்கும்.

தனி ஆளின் வேலை இவ்வளவு என்றால், எதிரணி ஃபார்வேர்டை ஆஃப்சைடில் சிக்கவைக்க நான்கு பேக்குகள் ஒரே வரிசையாக நின்று பிடிக்கும் கோடு இன்னும் நுட்பமானது. ஆஃப்சைடு விதிப்படி, பாஸ் கிளம்பும் கணத்தில் எதிரணியின் பகுதியில் பந்துக்கு முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு எதிராளிகள் இருக்க வேண்டும். கோலியும் அதில் சேர்த்தி. 1925 வரை அது மூன்றாக இருந்தது. 1990 முதல் கடைசிக்கு முந்தைய ஆளுக்கு நேராக நின்றாலும் குற்றமில்லை. த்ரோ, கார்னர், கோல்கிக் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது. இதை மறந்து நீளத் த்ரோவுக்கு ஆஃப்சைடு கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பேக்குகளை எந்த மைதானத்திலும் பார்க்கலாம்.

கோட்டை எப்போது முன்னே ஏற்றுவது, எப்போது நம் கோல் பக்கம் இறக்குவது? விடை எதிரணி ஃபார்வேர்டிடம் இல்லை, பந்து வைத்திருப்பவரிடம் இருக்கிறது. அவர்மேல் நம் ஆள் ஒருவர் ஏறி நின்று, அவர் தலை குனிந்திருந்தால் ஏறலாம். அவர் தலை நிமிர்ந்து, காலை வீச இடம் இருந்தால் உடனே இறங்க வேண்டும், பந்து கிளம்பும் வரை காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கும் ஃபார்வேர்டு ஒரு நொடியில் 8 மீட்டர் போவார். நின்ற இடத்திலிருந்து திரும்பி ஓடத் தொடங்கும் பேக் அதே நொடியில் 3 மீட்டர் போனால் பெரிது. அந்த 5 மீட்டரை எந்த வேகத்தாலும் பிறகு மீட்க முடியாது.

நான்கில் ஒருவர் அரை நொடி பிந்தினாலும் கோடு செத்தது. 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸின் லிலியான் துராம் அப்படிப் பிந்தியதால் குரோவேஷியாவின் டாவோர் ஷுக்கர் ஆஃப்சைடு ஆகாமல் தப்பி கோல் போட்டார். அடுத்த நிமிடமே துராம் பதில் கோல் போட்டு, பிறகு வெற்றிக் கோலும் போட்டார். பிரான்ஸுக்காக அவர் ஆடியது 142 ஆட்டங்கள்; மொத்த கோல்களே அந்த இரண்டுதான். பிரெஞ்சு அணிக்கு ரசிகர்கள் குறையாத புதுச்சேரியில் துராம் என்றால் அந்த இரண்டு கோல்தான் நினைவுக்கு வரும். மற்ற 141 ஆட்டங்களில் அவர் என்ன செய்தார் என்பதற்குப் புள்ளிப் பலகையில் இடமில்லை. அந்தத் தொடரில் பிரான்ஸ் 7 ஆட்டங்களில் வாங்கியதும் 2 கோல்தான்.

காற்றில் வரும் பந்துக்கு நம் கடற்கரை ஊர்களில் ஒரு தனிப் பாடம் தேவை. கோடைப் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 5 மீட்டர் எதிர்காற்றில் புகுந்தால், காற்றுத் தடை சுமார் ஒன்றரை மடங்காகும், ஏனென்றால் தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் தடை பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். ஆகவே கடலை நோக்கி அடிக்கப்படும் பந்து குறையாகவே விழும்; கிழக்குக் கோலைக் காப்பவர் இரண்டடி முன்னால் நிற்க வேண்டும். மேற்குக் கோலுக்கு வருவது தலைக்கு மேல் மிதந்து தாண்டும்; அங்கே முதலிலேயே பின்தள்ளி நின்று, முன்னால் வந்து முட்டுவதே பாதுகாப்பு. பின்னோக்கி ஓடிக்கொண்டு தலையால் முட்டிய பந்து தூரம் போகாது.

அந்தத் தலைமுட்டலுக்கும் விலை இருக்கிறது. பந்தின் எடை 410 முதல் 450 கிராம். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆராய்ந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு 2021இல் வெளியிட்ட முடிவில், மூளைச் சிதைவு நோய்களின் வாய்ப்பு பொதுமக்களோடு ஒப்பிடத் தடுப்பாட்டக்காரர்களுக்குச் சுமார் 5 மடங்கு. எல்லா இடங்களிலும் அதுவே அதிகம். கோலிகளுக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில், பலமான தலைமுட்டல்களைப் பயிற்சியில் வாரத்துக்கு 10க்குள் நிறுத்தச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, மாற்றி மாற்றி உயரப் பந்து அடித்து முட்டச் சொல்லும் பழக்கத்தை இங்கேயும் விட்டுவிடலாம். குதிக்கும் நேரத்தைப் பழக, கையால் மெல்லத் தூக்கிப் போடும் லேசான பந்து போதும்.

முழங்காலுக்கும் ஆபத்து பேக்கின் வேலையிலேயே ஒளிந்திருக்கிறது. யாரும் மோதாமலே முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் அறுந்த தொழில்முறை ஆட்டக் காட்சிகளை அலசியபோது, எதிராளியை நெருங்கி மறிக்கப் போகும் ஓட்டமே முன்னணியில் இருந்தது. வேகமாக வந்து, திடீரென நின்று, நீட்டிய ஒற்றைக் காலில் எடையை இறக்கிப் பக்கவாட்டில் திரும்புவது. முன்னே சொன்ன சின்ன அடிகள் பந்துக்காக மட்டுமல்ல, முழங்காலுக்காகவும்தான். ஃபிஃபா 11+ என்ற 20 நிமிட வார்ம்அப்பில் பின்தொடைக்கும் ஒற்றைக்கால் சமநிலைக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. கருவி எதுவும் வேண்டாம்.

தடுப்பாட்டத்துக்கென்றே ஒரு பயிற்சி வைக்க 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் போதும். ஒரு முனையில் பந்தோடு இரண்டு பேர், நடுவில் ஒரு பேக், பின்னால் சின்ன கோல். பேக் பந்தைப் பிடுங்கினால் 1 புள்ளி. பிடுங்காமலே 6 நொடி ஷாட் விடாமல் வைத்திருந்தால் 2 புள்ளி. கீழே விழுந்தால் 1 புள்ளி கழிவு. நொடிகளை வெளியில் நிற்பவர் சத்தமாக எண்ண வேண்டும். ஆளுக்கு 5 முறை, நடுவே ஒரு நிமிட ஓய்வு, புழுக்கமான நாளில் தண்ணீரும் இரண்டு நிமிடமும். முதல் வாரம் எல்லோரும் 1 புள்ளிக்காகப் பாய்ந்து கழிவு வாங்குவார்கள்.