ஓநாயின் ரோமத்தை விழுங்கிய கேசட்

1985-இல் வந்த 'ஹவ்லிங் 2' படத்தை நல்ல படம் என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஓநாய் மனிதர்கள் சுற்றிலும் ஊளையிட, கிறிஸ்டோபர் லீ மட்டும் ஏதோ ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நிற்பதுபோல் இறுகிய முகத்தோடு வருவார். ஓநாய் உடைகளுக்குப் பதிலாகக் குரங்கு உடைகள் வந்து இறங்கியதாக இயக்குநர் ஃபிலிப் மோராவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் பழைய விஎச்எஸ் கேசட்டில் பார்த்தால் அந்த உடையின் மலிவு பாதி மறைந்துவிடும். நாடாவின் வேலை அது.

படத்துக்கான சிக்னல் நொடிக்குப் பல லட்சம் முறை ஏறி இறங்கும். பாட்டு கேசட்போல ஹெட்டை (நாடாவில் பதிந்து படிக்கும் காந்த முனையை) அசையாமல் வைத்து அதைப் பதிய வேண்டுமானால், நாடா நொடிக்குப் பல மீட்டர் ஓட வேண்டும். இரண்டு மணி நேரக் கேசட் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும். அதனால் ஹெட்டைச் சுற்றவிட்டார்கள். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் எதிரெதிரே இரண்டு ஹெட்கள். அமெரிக்க முறையில் நொடிக்குச் சுமார் 30 சுற்று. நாடா 3.3 சென்டிமீட்டர்தான் நகரும், ஆனால் ஹெட் அதன்மேல் கிட்டத்தட்ட 5.8 மீட்டர் வேகத்தில் உரசும். நாடா உருளையைச் சாய்வாகச் சுற்றிப் போவதால், ஒவ்வொரு உரசலும் ஒரு சாய்கோடு. ஒரு கோட்டில் ஒரு ஃபிரேமின் பாதி.

இவ்வளவு செய்தும் முழு சிக்னல் அடங்காது. நுணுக்கமான விவரங்கள்தான் முதலில் வெட்டுப்படும். குறுக்குவாக்கில் மிஞ்சுவது சுமார் 240 கோடுகளின் தெளிவு, அதாவது பக்கம் பக்கமாக நிற்கும் அத்தனை கோடுகளைத்தான் பிரித்துப் பார்க்க முடியும். நிறத்தின் நிலை இன்னும் மோசம்: அதைத் தனியே பிரித்து, 629 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, ஓர் ஓரமாக ஒடுக்கிவிடுவார்கள். நிறத்தின் தெளிவு 40 கோடுகளைத் தாண்டுவதே அபூர்வம்.

சரி, ஓநாய்க்கு வருவோம். தனித்தனி மயிரிழை என்பது மிக நுணுக்கமான விவரம். நாடாவில் அது பழுப்பாக ஒரே திட்டாகிவிடும். உடையின் தையலும் அதோடு போய்விடும். ரத்தச் சிவப்பு உதட்டைத் தாண்டிப் பக்கவாட்டில் கசியும். பிரதியிலிருந்து எடுத்த பிரதி என்றால் இருட்டுக் காட்சியில் புள்ளிகள் வேறு கொதிக்கும். ப்ளூ-ரேயில் ஒரு வரிக்கு 1920 புள்ளிகள். ஃபிலிமில் முதலிலிருந்தே இருந்த தையல் அதில் பளிச்சென்று தெரிகிறது.

1981-இல் வந்த முதல் பாகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் ஒப்பனைக் கலைஞர் ராப் போட்டீன் (Rob Bottin) ரப்பர் தோலுக்கடியில் காற்றுப் பைகளை வைத்து ஊதவைத்தார். கன்னம் புடைப்பதும் தோல் எழும்பி அடங்குவதும் பெரிய, மெதுவான அசைவுகள். அதைக் காட்ட 240 கோடுகளே தாராளம்.