மீனம்பாக்கத்தில் இறங்கினால் விமானம் பிடிக்க முடியாது

சில ஆண்டுகளுக்கு முன் மீனம்பாக்கம் மின்சார ரயில் நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடு நின்ற ஒரு பெரியவர், "ஏர்போர்ட் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். அவர் மீது தவறில்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் என்றுதானே காலம் காலமாகச் சொல்லி வருகிறோம்? ஆனால் விமான நிலையத்துக்கு எதிரே இருப்பது அடுத்த நிலையமான திரிசூலம். அவரை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, நான் தொகுத்துக் கொடுத்திருந்த நிலையப் பட்டியலைத் திறந்தேன். திரிசூலத்துக்குப் பக்கத்தில் 'விமான நிலையம்' என்ற சொல்லே இல்லை. போக்குவரத்துத் தரவு தொகுப்பது என் பிழைப்பு. அன்று வெட்கமாக இருந்தது.

பெயர்களை வரிசையாக எழுதிவிட்டால் பட்டியல் முடிந்தது என்று செயலி உருவாக்கும் பலர் நினைக்கிறார்கள். முதல் பிழை அங்கேதான். பெயரை நிலையத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. சென்ட்ரலைப் பாருங்கள். மெட்ராஸ் சென்ட்ரல் சென்னை சென்ட்ரல் ஆனது; 2019 முதல் அதன் பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல். இத்தனைக்கும் ரயில்வேயின் குறியீடு இன்றும் எம்.ஏ.எஸ். தான். எழும்பூர் எம்.எஸ்., கடற்கரை எம்.எஸ்.பி. என்று மெட்ராஸின் 'எம்' எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியலாம். எங்களுக்கு இது வரப்பிரசாதம். பெயர் மாறும்போது ஒரு கட்டத்தை மட்டும் திருத்தினால் போதும். கால அட்டவணையும் கட்டணமும் அசையாது.

2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டலையே ஒவ்வொரு ஊரின் அடையாளச் சாவியாக வைத்திருந்த நண்பர் ஒருவர் இரண்டு முறை பட்டியலைப் பிரித்துக் கோர்த்தார். இன்றும் அந்த அரசாணை எண்ணைச் சொன்னால் முகம் சுளிப்பார்.

அதிகாரப்பூர்வப் பெயர் பட்டியலின் ஒரு நெடுவரிசையில் இருக்கட்டும். மக்கள் புழங்கும் பெயர்களுக்கு இன்னொரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். 'தி. நகர்' என்று தேடுகிறவருக்கு மாம்பலம் கிடைக்க வேண்டும். ரங்கநாதன் தெருவுக்குப் போகிறவர் அங்கேதான் இறங்கியாக வேண்டும். 'பரங்கிமலை' என்று அடித்தாலும் 'செயின்ட் தாமஸ் மவுண்ட்' என்று அடித்தாலும் ஒரே இடம் வர வேண்டும். கடற்கரை நிலையம் இதற்கு நேர் எதிர். பெயரை நம்பி மெரினாவுக்கு என்று அங்கே இறங்கினால் கண்ணில் படுவது துறைமுகப் பகுதி, மணல் அல்ல. மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்க வேண்டும். ஆகவே பட்டியலில் கடற்கரை நிலையத்துக்கு எதிரே 'மெரினா அல்ல' என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். எந்தத் தரநிலையும் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் எழுதினேன்.

தரநிலை என்றதும் ஜி.டி.எஃப்.எஸ். நினைவுக்கு வருகிறது. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய, நிலையங்களையும் கால அட்டவணைகளையும் எழுதி வைப்பதற்கான கோப்பு வடிவம் அது. ஒரு நிலையத்துக்குள் நடைமேடைகள், நுழைவாயில்கள் என்று தாய்–பிள்ளை உறவாக அடுக்கலாம். எங்கிருந்து எங்கே நடந்து மாறலாம் என்பதைத் தனிக் கோப்பில் எழுதலாம். சென்ட்ரல் வட்டாரத்தில் அந்தத் தனிக் கோப்பின் அருமை தெரியும். சென்ட்ரல், மூர் மார்க்கெட் புறநகர் நிலையம், பூங்கா, பூங்கா நகர், மெட்ரோ என்று கூப்பிடு தூரத்தில் ஐந்து. இவற்றை ஒரே புள்ளியாகச் சுருக்கினால், பெட்டியோடு சாலையைக் கடக்கும் பயணிக்கு 'மாறும் நேரம் பூஜ்யம்' என்று காட்டும். ஐந்தையும் உறவே இல்லாத ஐந்து தீவுகளாக வைத்தால், மாறவே முடியாது என்று சொல்லிவிடும். ஒவ்வொரு இணைக்கும் நடந்து பார்த்து நிமிடம் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்தபடி வரைபடத்தில் அளந்த தூரத்துக்குச் சுரங்கப்பாதையின் படிக்கட்டுகள் தெரியாது.

கடைசியாக அகரவரிசை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் தரப்பட்டிருக்கும் யூனிகோட் எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் கோடம்பாக்கம் முன்னால் வரும், கோட்டை பின்னால் போகும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு எல்லா எழுத்துகளுக்கும் பிந்திய எண் தரப்பட்டிருப்பதே காரணம். நம் முறைப்படி 'ட்' முதலில், 'ட' பிறகு. எனவே கோட்டைதான் முந்த வேண்டும். தமிழுக்கான வரிசை விதியைச் சேர்த்தால் இது சரியாகிவிடும். 'சென்னைக் கடற்கரை', 'சென்னை எழும்பூர்' எல்லாம் 'செ'யில் போய்க் குவிவதை எந்த விதியும் தடுக்காது. முன்னொட்டை நாமே கையால் விலக்க வேண்டும். கடற்கரை–தாம்பரம் தடத்தின் 18 நிலையங்களுக்கு மட்டும் நான் அகரவரிசையே போடுவதில்லை. வண்டி நிற்கும் வரிசையிலேயே விட்டுவிடுகிறேன். அதில் மீனம்பாக்கத்துக்கு அடுத்த வரி திரிசூலம். பக்கத்திலேயே இப்போது 'விமான நிலையத்துக்கு இங்கே இறங்கவும்' என்று இருக்கிறது.