ஊர் கூடி ஏன் ஒரு காற்றாலை வாங்க வேண்டும்?

"வீட்டுக்கு வீடு மாடியில் ஒரு சின்னக் காற்றாடி வைத்துக்கொண்டால் போதாதா? ஊரே பணம் போட்டு ஒரு பெரிய காற்றாலை எதற்கு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதற்கான பதிலைக் காற்றே சொல்கிறது.

காற்று இறக்கையைச் சுழற்றும், இறக்கை ஜெனரேட்டரைச் சுழற்றும், மின்சாரம் வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு வரும் என்று கணக்குப் போடும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதிலுள்ள இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பள்ளியில் படித்தோம். ஆனால் வேகம் இரட்டிப்பானால், ஒரு நொடியில் இறக்கையைக் கடந்து போகும் காற்றின் அளவும் இரண்டு மடங்காகிவிடுகிறதே! நாலிரண்டு எட்டு. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 75 வாட் திறனைக் கொண்டுவருகிறது என்றால், 10 மீட்டர் வேகத்தில் 600 வாட் கொண்டுவரும். வேகத்தை அதே வேகத்தால் இரு முறை பெருக்கினால் (5 × 5 × 5 போல) வரும் அளவுக்கு ஏற்ப ஆற்றல் ஏறுகிறது. இதைத்தான் மும்மடி விதி என்கிறோம்.

இந்த விதி சராசரியைக்கூட நம்பவிடாது. ஓரிடத்தில் காற்று எப்போதும் 6 மீட்டர் வேகத்தில் சீராக வீசுகிறது. இன்னோரிடத்தில் பாதி நேரம் 3, பாதி நேரம் 9. இரண்டுக்கும் சராசரி 6தான். மும்மடி போட்டுப் பாருங்கள்: முதல் இடத்துக்கு 216, இரண்டாவதுக்கு 27, 729 இரண்டின் சராசரியான 378. விட்டு விட்டு வேகமாக அடிக்கும் காற்றில் முக்கால் பங்கு கூடுதல் ஆற்றல் இருக்கிறது! எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

சரி, இப்போது மாடிக் காற்றாடிக்கு வருவோம். தரையை ஒட்டி மரமும் வீடும் காற்றைத் தடுக்கும். மேலே போகப் போக வேகம் கூடும். திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தை விட 80 மீட்டர் உயரத்தில் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். மும்மடி விதிப்படி ஆற்றல் இரண்டரை மடங்கை நெருங்குகிறது. இறக்கை வட்டத்தின் விட்டத்தை 2 மீட்டரிலிருந்து 80 மீட்டராக்கினால் பரப்பு 1,600 மடங்கு. இரண்டையும் பெருக்கினால், ஒரு பெரிய காற்றாலை கிட்டத்தட்ட 4,000 மாடிக் காற்றாடிகளுக்குச் சமம். அத்தனை பெரிய இயந்திரத்தைத் தனி ஒரு குடும்பம் வாங்க முடியாது. ஊர் சேர்ந்தால் முடியும்.

கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் அதைத்தான் செய்தது. சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. அதைத் தன் ஊரில் நிறுத்தவில்லை; பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேகமாக வந்து விழும் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுத்தியது. மும்மடி விதி தெரிந்தவர்கள் எடுக்கும் முடிவு அது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனையானது. டென்மார்க்கின் சாம்சோ தீவில், சுமார் 4,000 பேர் வாழும் இடத்தில், 2000ஆம் ஆண்டில் நிலத்தில் எழுந்த 11 காற்றாலைகளில் சில தனி விவசாயிகளுடையவை, சில பலர் பங்கு போட்டு வாங்கியவை.

வெளியிலிருந்து வரும் நிறுவனம் காற்றாலை நட்டால், நிலத்துக்காரருக்கு வாடகை கிடைக்கும். பக்கத்து வயல்காரருக்குச் சத்தமும் நிழலும்தான் மிச்சம். பங்கு இருந்தால் அவருக்கும் லாபம் வரும். "காற்றாலை மழை மேகத்தை விரட்டிவிடும்" என்ற பேச்சு பல ஊர்களில் இன்றும் உண்டு. மழை மேகம் திரள்வது இறக்கை நுனிக்கு வெகு உயரத்தில். இறக்கையால் அதை விரட்ட முடியாது.

சிக்கலும் உண்டு. ஒரே இயந்திரத்தை நம்பியிருக்கும் ஊரில் கியர்பாக்ஸ் பழுதானால் வருமானம் நின்றுவிடும். பராமரிப்புக்கும் காப்பீட்டுக்கும் முதல் நாளே பணம் ஒதுக்க வேண்டும். அதற்கும் முன்னால், நிறுத்தப்போகும் இடத்தில் குறைந்தது ஓராண்டு காற்றை அளக்க வேண்டும். வேகக் கணிப்பில் பத்து சதவீதம் தவறினால் ஆற்றல் கணக்கில் முப்பது சதவீதம் வரை தவறும். இந்த அளவீட்டுச் செலவைத்தான் சிறிய ஊராட்சிகளால் தாங்க முடிவதில்லை. அதை அரசே ஏற்று, அளந்த தரவை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.