செரிமான நீர் அன்று, நொதி

சிங்கப்பூரின் தேக்காவில் அண்மையில் நான் கேட்ட ஓர் அறிவியல் உரையில், பூஞ்சையின் மரபணுவைப் புல்லில் சேர்த்து, மாடுகள் எளிதில் செரிக்கும் தீவனமாக அதை மாற்றும் ஆய்வு விளக்கப்பட்டது. திரையில் தோன்றிய தமிழ் வரியோ “செரிமான நீர் சுரக்கும் புல்” என்றது. அந்த மரபணுவால் புல்லில் உருவாவது என்சைம், அதாவது உயிர்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். அதற்கு இந்த மொழிபெயர்ப்பை நான் காண்பது முதன்முறையன்று.

என்சைம் என்னும் பெயரை 1877-இல் வழங்கியவர் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கியூனே. ‘புளிமாவினுள் இருப்பது’ என்பது அதன் கிரேக்கப் பொருள். நொதித்தல் என்னும் வினையிலிருந்து தமிழில் நொதி பிறந்தது. இலங்கையர் நொதியம் என்பர். அதுவும் நல்ல சொல்லே.

உமிழ்நீர் ஒரு கலவை. அதிலுள்ள அமைலேஸ் நொதி. நொதியை நீர் என்பது உப்பைக் குழம்பு என்பதற்கு ஒப்பாகும். நொதிகள் எல்லாம் செரிப்பவையும் அல்ல. டிஎன்ஏவைப் படியெடுப்பதும் நொதிதான். புல்லைப் பொறுத்தவரை பிழை இன்னும் பெரிது. புல்லின் செல் சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளை ஃபெருலிக் அமிலம் ஒன்றோடொன்றும், தாவரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளோடும் பிணைத்து இறுக்குகிறது. அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சையிடமிருந்து பெற்ற ஃபெருலாயில் எஸ்டரேஸ் என்னும் நொதி, சங்கிலியில் அந்த அமிலம் ஒட்டியுள்ள இடத்தை வெட்டுகிறது. அதன் பிறகு சுவரைச் சிதைப்பவை மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள். ஃபெஸ்கியூ என்னும் தீவனப்புல்லில் நடந்த ஆய்வுகளில், அந்நொதியைச் சுவரிடமிருந்து விலக்கி, வாக்குவோல் என்னும் செல்லின் உட்பையில் அடைத்து வைக்கும் முறையும் கையாளப்பட்டது. மாடு மென்று செல்லை உடைக்கும்போதுதான் அது வெளிப்படும். வெளிவராமல் இருக்கவேண்டும் என்று அடைத்து வைத்ததைச் ‘சுரக்கும்’ என்று எழுதுவது ஆய்வையே தலைகீழாக்குவதாகும்.

உரை முடிந்தபின் மொழிபெயர்த்தவரிடம் இதைச் சொன்னேன். “நொதி என்றால் நம் மக்களுக்குப் புரியாது, ஐயா,” என்றார். இந்த அச்சம்தான் இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலரைக் கெடுக்கிறது; பொருள் என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன்பே, பழகிய சொல்லைத் தேடுகிறார்கள். கெய்லாங் சிராய் சந்தையில் டெம்பே என்னும் நொதித்த சோயாக் கட்டியை வாங்குபவர், அதைப் பிட்டால் அவித்த சோயாவை வெண்ணிற இழைகள் பின்னிப் பிடித்திருப்பதைக் காண்பார். அந்த இழை பூஞ்சை. சோயாவை உள்ளிருந்து மாற்றுபவை அதன் நொதிகள். அங்கே வயிறும் இல்லை, சுரக்கும் நீரும் இல்லை. இவ்வளவு சொன்னால் யாருக்குப் புரியாது?

என்சைம் என்றே எழுதியிருந்தாலும் ஏற்றிருப்பேன்; அயற்சொல்லாயினும் அது பொய் சொல்லவில்லை. தமிழில்தான் வேண்டுமெனில், அந்த வரி “பூஞ்சையின் நொதியைத் தன்னுள் கொண்ட புல்” என்று இருந்திருக்கவேண்டும்.