தண்ணீர் பாட்டில் ஏன் நிறைந்தே வீடு திரும்புகிறது?

தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம் பக்கமிருந்து ராமநாதபுரத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகள் நீர்க்கடுப்பு என்று வந்தால், நான் முதலில் கேட்பது: "காலேஜ்ல எத்தனை தடவம்மா பாத்ரூம் போவ?"

"போறதே இல்ல டாக்டர்."

காலையில் பஸ் ஏறுமுன் போனது; அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. இந்த வெயிலில்!

பெண்களுக்குச் சிறுநீர் வெளியே வரும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். ஆசனவாய்ப் பக்கத்துக் கிருமி சுலபமாக மேலேறிவிடும். அவ்வப்போது சிறுநீர் கழித்தால் கிருமியும் அடித்துக்கொண்டு போகும். அடக்கினால் சிறுநீர்ப் பையிலேயே தங்கிப் பெருகும். வீட்டில் இதைச் 'சூடு' என்று இளநீரோடு முடித்துவிடுகிறார்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் தொற்றைப் போக்காது. மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கி, எரிச்சல் நின்றதும் விட்டுவிடுவதும் கூடாது. குளிர்ஜுரம், விலாவுக்குப் பின்னால் வலி என்றால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம், அன்றைக்கே வந்துவிடுங்கள்.

மாதவிலக்கு நாட்களிலும் இதே கதை. காலையில் வைத்த நாப்கின் சாயங்காலம் வரை. 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை. மாற்றியதை எங்கே போடுவார்கள்? மூடிபோட்ட தொட்டி இருக்காது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, குழாயில் தண்ணீர் வராது. விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அழைக்கும் கல்லூரிகளிடம், பேனர் செலவில் முதலில் தாழ்ப்பாள் போடுங்கள் என்கிறேன். சிரித்துக்கொண்டே டீ கொடுக்கிறார்கள்.

வாடைக்குப் பயந்து சோப்பு, கிருமிநாசினி போட்டுப் பிறப்புறுப்பின் உள்ளே கழுவுவது இன்னொரு தொல்லை. உட்புறத்தின் இயல்பான அமிலத்தன்மைதான் அங்கே காவல். அது கெட்டால் தொற்று வரும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். தெளிவாக, வாடையின்றிப் படும் வெள்ளை நோயல்ல. அதனால் எலும்பு உருகும் என்று பயப்படுகிறார்கள்; உருகாது. அரிப்போ, தயிர்த்திரி போலவோ, நாற்றமோ இருந்தால் காட்டுங்கள்.

அம்மாவோடு வருவது நல்லதுதான். ஆனால் எதைக் கேட்டாலும் "ரெகுலராத்தான் வருது டாக்டர்" என்று அம்மாவே முந்திக்கொள்கிறார். மாதவிலக்குத் தேதியைப் பிள்ளையே போனில் குறித்து வரட்டும். 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் சரி. நடுவில் ஐந்து நிமிடம் அம்மாவை வெளியே உட்காரச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.