கையகல ரப்பர்

ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். அதில் ஏதோ ஒரு வள்ளலின் வளைவில் போன மாதம் என் அக்கா மகனின் கார் வழுக்கியது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றதாம். எந்த வள்ளல் என்று அவனுக்கு நினைவில்லை. மலை இறங்கியவன் நேராக வேலூருக்கு வந்து, வீட்டுப்படி ஏறும்போதே சொன்னான்:

"மாமா, பதினாறு இன்ச் ரிம் பத்தல. பதினேழு இன்ச் அலாய் வீல் போட்டுடலாம். 205/45. பார்க்கவும் கெத்தா இருக்கும்."

அவனுடையது ஹூண்டாய் ஐ20 என் லைன், பழைய கார்தான். 998 சிசி டர்போ எஞ்சின், 120 குதிரைத்திறன். இந்த எடைக்கு அது தாராளம். கம்பெனி கொடுத்த டயர் 195/55 ஆர்16. கெத்து என்ற வார்த்தை வந்துவிட்டால் அறிவுரை எடுபடாது. ஆகவே அவனை காட்பாடி ரோட்டில் எனக்குப் பழக்கமான டயர் கடை பாயிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டயரின் பக்கவாட்டில் இருப்பது எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு ஜாதகம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது உயரம்; ஆனால் மில்லிமீட்டரில் இல்லை, அகலத்தில் 55 சதவீதம். முக்கால்வாசிப் பேர் இடறுவது இந்த இடத்தில்தான். 195-இல் 55 சதவீதம் என்றால் 107 மி.மீ. டயரை மாட்டும் உலோகச் சக்கரம்தான் ரிம்; அதன் விளிம்பிலிருந்து தரை வரை இருக்கும் ரப்பர் சுவர் அவ்வளவு. ஆர் என்பது ரேடியல் என்ற டயர் வகை, 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து எழுதிய புண்ணியவான் யாரோ! மேல் சுவர் 107, கீழ்ச் சுவர் 107, நடுவில் 16 அங்குல ரிம், அதாவது 406 மி.மீ. கூட்டினால் மொத்த விட்டம் 621 மி.மீ.

இப்போது அவன் கேட்ட 205/45 ஆர்17. சுவர் 92 மி.மீ. ரிம் 432. மொத்தம் 616. வித்தியாசம் வெறும் 5 மி.மீ., ஒரு சதவீதம்கூட இல்லை. ரிம் ஓர் அங்குலம் பெருத்தால் ரப்பர் சுவர் அந்த அளவுக்கு இளைக்க வேண்டும், மொத்த உயரம் மாறக்கூடாது என்பதுதான் கணக்கு. ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித்தான் வேகம் சொல்கிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது அதன் மனதில் பதிந்த எண். ஆசைப்பட்டு 215/55 ஆர்16 மாட்டினால் விட்டம் 643 ஆகும். மூன்றரை சதவீதம் கூடுதல்; அந்த அளவுக்கு முள் வேகத்தைக் குறைத்துக் காட்டும். முள் எப்போதுமே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் கம்பெனிகள் வைத்திருக்கும். அந்தச் சலுகையை இந்த டயர் தின்றுவிடும்.

"அப்போ கணக்கு சரியாத்தானே இருக்கு மாமா? பதினேழு போடலாம்ல?"

கணக்கு சரிதான். ஆனால் அவனுக்கு வேண்டியது பிடிமானம். பாயிடம் ஒரு சார்ட் பேப்பர் கேட்டேன். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கிய முன்சக்கரத்தில் தடவி, பேப்பரைக் கீழே விரித்து, காரை மெதுவாக இறக்கினோம். மறுபடி தூக்கினால் பேப்பரில் ஒரு கறுப்பு அச்சு. ஏறத்தாழ ஓர் அஞ்சலட்டை. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த வண்டி ரோட்டைத் தொடுவது இப்படி நாலு இடத்தில்தான். முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது, மழையில் சறுக்காமல் நிற்பது எல்லாம் நாலு கையகல ரப்பரின் வேலை.

இதைப் பேப்பர் இல்லாமலும் கணக்குப் போடலாம். ஆளோடு சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு 300. 33 பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ அழுத்தம். 300-ஐ 2.3-ஆல் வகுத்தால் 130 சதுர செ.மீ. அஞ்சலட்டை 14-க்கு 9, அதாவது 126. சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் இது துல்லியக் கணக்கு அல்ல; ஆனாலும் பக்கத்தில் வந்துவிடும். இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கே வந்தது? வரவே இல்லை. எடையும் காற்றும்தான் வந்தன. அகல டயர் போட்டாலும் தரையைத் தொடும் பரப்பு பெரிய அளவில் அதிகரிக்காது. அச்சின் வடிவம்தான் மாறும்: நீளம் குறைந்து அகலம் கூடும்.

அப்படியானால் ரேஸ் கார்களுக்கு ஏன் அத்தனை அகலம்? வடிவம் மாறுவதிலேயே லாபம் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது டயர் தான் பார்க்கும் திசையில் சரியாகப் போவதில்லை. சில டிகிரி விலகித்தான் போகும். அச்சின் முன்விளிம்பில் தரையைத் தொடும் ரப்பர், பின்விளிம்புக்குப் போகப் போக மேலும் மேலும் பக்கவாட்டில் இழுபட்டு, ஒரு கட்டத்தில் பிடியை விட்டுச் சறுக்கும். அச்சு நீளமாக இருந்தால் பின்பகுதி சீக்கிரம் சறுக்கத் தொடங்கும். குட்டையாக, அகலமாக இருந்தால் பெரும்பகுதி பிடித்தபடியே இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே சொன்னபடி கேட்கும். இன்னொன்று, அகல டயரில் தேய்மானமும் சூடும் பரவலாகப் போவதால் மெத்தென்ற ரப்பரைத் துணிந்து பயன்படுத்தலாம். பிடிமானத்தின் பெரும்பங்கு அந்த மெத்தென்ற ரப்பருக்குத்தான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் டயருக்கு ஆயுள் ஒரு பொருட்டே இல்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டிய டயருக்கு அதுதான் எல்லாம்.

பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதிப்படி எடை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்க வேண்டும். ரப்பர் அந்த விதிக்கு அடங்காது. எடை இரட்டித்தால் பிடிமானம் கூடும், ஆனால் இரண்டு மடங்கு வராது. வளைவில் வண்டி சாயும்போது உள்பக்கச் சக்கரங்கள் இழந்த எடை வெளிப்பக்கத்துக்குப் போகிறது. உள்பக்கம் இழந்த பிடிமானம் வெளிப்பக்கத்தில் முழுதாகத் திரும்பக் கிடைப்பதில்லை. வேகமாக வளையும் காரில் நாலு அஞ்சலட்டையும் ஒரே மதிப்பில் இல்லை என்று அர்த்தம். எஞ்சினைப் பின்னால் வைத்த போர்ஷே 911 கரேரா எஸ்-இல் முன்னால் 245, பின்னால் 305 அகலம் போடுவதற்கும் இந்த எடைக் கணக்குதான் காரணம். நம் வண்டியில் எஞ்சினும் இழுவையும் முன்னால். யாரையோ பார்த்துப் பின்னால் மட்டும் அகலம் போட்டால் முன்பக்கம்தான் முதலில் கைவிடும்.

இனி ரிம் விட்டம். இதைப்பற்றி எனக்குக் கொஞ்சம் காட்டமான கருத்து உண்டு. ரிம்முக்குள் பெரிய பிரேக் டிஸ்க் அடங்க வேண்டும் என்றால் ரிம் பெரிதாக வேண்டும், நியாயம். டிஸ்க் அதேதான் என்றால், பெரிய ரிம் முக்கால் பங்கு கண்ணுக்குத்தான். சந்தேகமிருந்தால் ஃபார்முலா 1-ஐப் பாருங்கள். 2021 வரை அந்தக் கார்கள் ஓடியது 13 அங்குல ரிம்மில், மேலே தலையணை மாதிரி உயரமான ரப்பர். 2022-இல்தான் 18-க்கு மாறினார்கள். உலகத்திலேயே வேகமாக வளையும் கார்களுக்குப் பல பத்தாண்டுகள் போதுமாக இருந்த ரிம், இன்று நம் ஊர் சின்ன காருக்கே சிறிசு.

சுவர் குட்டையானால் திருப்பத்தில் வளைந்து கொடுப்பது குறையும், ஸ்டியரிங் கூர்மையாகும். அது உண்மையான லாபம். ஆனால் அந்தச் சுவர் ஒரு ஸ்பிரிங்கும்கூட. 107-இலிருந்து 92-க்கு இறங்கினால் 15 மி.மீ. மெத்தை போய்விடும். நெடுஞ்சாலையில் தெரியாது. பாலம் வேலைக்குத் தோண்டி அரைகுறையாய் மூடிய சர்வீஸ் ரோட்டில் தெரியும். குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்தால், மறுநாள் டயர் பக்கத்தில் கொப்பளம் விட்டிருக்கும். கொப்பளத்துக்கு ஒட்டுப் போட முடியாது. பாய் கடையின் மூலையில் ஆறேழு பதினேழு அங்குல அலாய்கள் சாத்தி வைத்திருந்தன. எல்லாம் விளிம்பு நெளிந்து வந்தவை. அவற்றில் ஒன்றை டயரோடு தராசில் ஏற்றச் சொன்னேன். இவனுடைய சக்கரத்தைவிட 3 கிலோ கூடுதல். நாலு சக்கரத்துக்கு 12 கிலோ. ஆனால் சக்கரம் சுழலவும் வேண்டும். விளிம்பில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் முடுக்கும்போது வண்டியில் ஏற்றிய ஏறக்குறைய 2 கிலோவுக்குச் சமம். பின்சீட்டில் ஒரு அரிசிப் பையை நிரந்தரமாக வைத்துவிட்டு 'பிக்கப் குறைஞ்சிடுச்சு' என்று புலம்பின மாதிரி. அது போக, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை என்பதால் மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளவும் செய்யும்.

அலாய் வாங்குகிறவர்கள் பார்க்க மறக்கும் எண் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது வண்டியில் போய் உட்காரும் தளத்துக்கும் உள்ள தூரம். 6 அங்குல அகலம், 50 மி.மீ. ஆஃப்செட் இருந்த இடத்தில் 7 அங்குலம், 40 மி.மீ. போட்டால் சக்கரத்தின் வெளிவிளிம்பு 23 மி.மீ. வெளியே தள்ளும். நாலு பேர் ஏறினால் மட்கார்டில் உரசும், பேரிங்குக்குச் சுமை கூடும், ரோட்டில் உள்ள கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் இழுக்கும். நட்டு ஓட்டைகள் பொருந்தினால் ரிம் பொருந்திவிட்டது என்று நம்புவது, மாப்பிள்ளைக்கு மோதிரம் சரியாக இருக்கிறது என்று கல்யாணத்தை முடிப்பது போல.

அளவுக்குப் பிறகு வரும் 87 வி-யை அவன் கவனித்ததே இல்லை. 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை. வேறு அளவுக்குப் போனால் இந்த இரண்டும் பழையதைவிடக் குறையக்கூடாது. 240-இல் நாம் போகப்போவதில்லை. ஆனால் வேக எழுத்து என்பது உண்மையில் சூடு தாங்கும் எழுத்து. அது எங்கள் ஊருக்கு வேண்டியது. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். அந்த மொட்டை மலைகளுக்கு நடுவே கத்திரி வெயிலில் தார் ரோடு எப்படிக் கொதிக்கும் என்பது செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். காலையில் 25 டிகிரியில் 33 பாயிண்ட் வைத்த டயர், ஓடி உள்ளே 60 டிகிரி ஆனால் 38, 39 காட்டும். பதறிப்போய்க் காற்றைத் திறந்து விடுகிறவர்கள் உண்டு. மறுநாள் காலை அதே டயரில் 28-தான் இருக்கும். காற்று குறைந்த டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து விரியும்; அந்த மடிப்பே சூடாகும்; பள்ளிகொண்டா தாண்டி 100-இல் போகும்போது அது வெடிக்கக் காத்திருக்கும். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பாய் ஒன்றும் பேசவில்லை. சார்ட் பேப்பரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அச்சு ஒழுங்காக இருந்தது. காற்று, அலைன்மெண்ட் இரண்டிலும் குற்றமில்லை. பிறகு குனிந்து டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். தடம் பதியவில்லை. ரேக்கில் இருந்த புது டயரில் அழுத்தினார், பதிந்தது.

"பட்டன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ரப்பர்தான் செத்துப் போச்சு."

டயர் சுவரில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருந்தது: 3421. 2021-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். வண்டியோடு வந்த டயர்களே இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. முந்தைய உரிமையாளர் குறைவாக ஓட்டினார், அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றார். நிறுத்தி வைத்தது திறந்த வெளியில். பட்டன் ஆழம், அதாவது டயர் மேலுள்ள பள்ளங்களின் ஆழம், 4 மி.மீ. இருந்தது, சட்டம் கேட்பது 1.6 மட்டும்தான். ஆனால் ரப்பருக்கு ஓடாவிட்டாலும் வயதாகும். வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் சேர்ந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிறிது சிறிதாக இறுக்கிவிடும். ரோட்டின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் புகுந்து பிடிக்கத்தான் ரப்பருக்கு மென்மை வேண்டும். இறுகிய ரப்பர் மேலோட்டமாக உரசிக்கொண்டு போய்விடும். ஏலகிரியில் வழுக்கியதற்குக் காரணம் பதினாறும் இல்லை, 195-உம் இல்லை.

அவன் முகத்தில் ஏமாற்றம். பதினேழுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிகூட ஆகாமல், அதே 195/55 ஆர்16-இல் கொஞ்சம் உசத்தியான ரப்பராக நாலு டயர் போட்டோம். புதிய டயர்களின் தேதியையும் அவனே குனிந்து படித்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டவிட்டான். பாலன்சிங் முடிந்து சாவியை வாங்கும்போதே போனில் யாரிடமோ ராத்திரி மலைக்குப் போகலாமா என்று கேட்க ஆரம்பித்திருந்தான். பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னைக்கே மலை ஏறாதீங்க தம்பி. வார்க்கிற மோல்டுல ஒட்டாம இருக்க ஒரு பூச்சு போட்டுத்தான் டயரை வார்ப்பாங்க. அது தேயற வரைக்கும் புது டயரும் வழுக்கும். ஆம்பூர் வரைக்கும் நாலு தடவை போய்ட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்."